நூறு வயசுக்கும் டூட்டி போடும் டெப்போ

சான் பிரான்சிஸ்கோ போகிறவர்கள் கோல்டன் கேட் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கேபிள் காரின் படியில் தொங்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார்கள். ஊரின் தெற்கே, பல்போவா பார்க் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டெப்போவின் கம்பி வேலியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் நானும் சேர்ந்துவிட்டேன். வெட்கமெல்லாம் இல்லை!

வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது தெரியுமா? டிராம்கள். சர்பத் கடையில் அடுக்கிய பாட்டில்கள் மாதிரி வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு நிறம். பச்சையும் வெளிர்மஞ்சளும் பூசிய சிகாகோ. பளீர் மஞ்சளில் பச்சைப் பட்டைகள் போட்ட சின்சினாட்டி. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் இத்தாலியின் மிலன். அதற்கும் அப்பால் கூரையே இல்லாத ஒரு படகு! தண்டவாளத்தில் நிற்கும் படகு! அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இப்போதே சொன்னால் மற்றதெல்லாம் உங்கள் காதில் ஏறாது.

இந்த இடத்தின் பெயர் கேமரன் பீச் யார்டு. 2011 வரை ஜெனீவா யார்டு. நகரப் போக்குவரத்து நிர்வாகக் குழுவில் இருந்து மறைந்த ஒருவரின் நினைவாகப் பெயரை மாற்றினார்கள். பல வருடங்கள் வானமே கூரையாகக் கிடந்த வண்டிகளுக்கு இப்போது தலைக்கு மேல் நீளமான ஷெட் இருக்கிறது. இந்த ஊரில் மூடுபனியும் கடல் காற்றும் வருடம் முழுக்க உண்டு. மரமும் இரும்பும் சேர்ந்த பழைய வண்டிக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஆகவே அந்தக் கூரையைப் பார்த்தாலே எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.

முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது அருங்காட்சியகம் இல்லை. கயிறு கட்டி, ‘தொடாதீர்’ பலகை மாட்டி வைத்த வண்டிகள் இல்லை இவை. ஊர்ப் பேருந்துகளை ஓட்டுகிற அதே மியூனி நிறுவனத்தின் டெப்போ. காலையில் டூட்டி போடுவார்கள். டிரைவர் வருவார், வண்டியைச் சோதிப்பார், கிளம்பிவிடுவார். ஆபீஸ் போகிறவர், காய்கறிப் பையோடு வருகிற பாட்டி, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் சுற்றுலாப் பயணி எல்லாரும் எஃப் லைனில் ஏறுவார்கள். காஸ்ட்ரோ பகுதியில் தொடங்கி மார்க்கெட் தெரு முழுக்க ஓடி, கடலோரமாகத் திரும்பி, மீனவர் துறையான ஃபிஷர்மன்ஸ் வார்ஃபில் முடிகிற தடம் அது. ஏறியவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் உட்கார்ந்திருக்கும் வண்டி இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கட்டப்பட்டது என்று தெரியாது. தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் ஒரு தற்செயலில் ஆரம்பித்தது. 1982 செப்டம்பரில் ஊரின் செல்லப்பிள்ளையான கேபிள் கார்களை ஒட்டுமொத்தமாக நிறுத்தினார்கள். தேய்ந்துபோன முழு அமைப்பையும் தோண்டியெடுத்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. திரும்ப ஓடியது 1984 ஜூனில். நடுவில் வருகிற சுற்றுலாப் பயணிக்கு எதைக் காட்டுவது? அந்த நேரம் பார்த்து மார்க்கெட் தெருவின் டிராம்கள் எல்லாம் புதிய சுரங்கப்பாதைக்குள் போய்விட்டன. மேலே தண்டவாளம் சும்மா கிடந்தது, பெயர்த்தெடுக்கப்படும் நாளை எதிர்பார்த்து. வர்த்தக சபையில் இருந்த ரிக் லாப்ஷர் போன்றவர்கள் யோசனை சொன்னார்கள்: பழைய டிராம்களை எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவந்து கோடைக்காலத்தில் ஓட்டினால் என்ன? மேயர் டயான் ஃபைன்ஸ்டைன் தலையாட்டினார். 1983இல் டிராம் திருவிழா தொடங்கியது. ஒரு கோடைக்கு என்று ஆரம்பித்தது 1987 வரை ஐந்து கோடைகள் நடந்தது.

திருவிழாவுக்கும் முன்னாலேயே ஒரு கிறுக்கர் வேலையைத் தொடங்கிவிட்டார். அன்போடுதான் கிறுக்கர் என்கிறேன். மாரிஸ் கிளிபோல்ட் என்று ஒரு பயண ஏற்பாட்டாளர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து ஒரு டிராமையே வரவழைத்து, லாரியில் ஏற்றி, நகர மண்டபத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மேயருக்குப் பரிசாம்! பூங்கொத்து கொடுத்தால் ஜாடியில் வைக்கலாம். டிராமைக் கொடுத்தால் எங்கே வைப்பது? டிராம்களைச் சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் கடைசிவரை தலைவலியாக இருக்கும் கேள்வி இதுதான். எங்கே வைப்பது, எதன் கீழே வைப்பது, எவ்வளவு நாள் வைப்பது.

நிரந்தர எஃப் லைன் 1995 செப்டம்பரில் வந்தது. கடற்கரைவரை நீண்டதற்கு ஒரு நிலநடுக்கமும் காரணம். 1989இல் லோமா பிரீட்டா நிலநடுக்கம் உலுக்கியதில் கடலை மறைத்துக்கொண்டு நின்ற எம்பார்காடெரோ மேல்மட்டச் சாலை சேதமானது. பிறகு இடித்தே தள்ளிவிட்டார்கள். திறந்துகொண்ட கடலோரத்தில் தண்டவாளம் போட்டு 2000 மார்ச்சில் டிராமை விட்டார்கள்.

சரி, வண்டிகளுக்கு வருவோம். ஷெட்டில் பெரும்பாலானவை பி.சி.சி. ரகம். 1929இல் அமெரிக்க டிராம் கம்பெனித் தலைவர்கள் கூடி ஒரு குழு போட்டார்கள். மோட்டார் கார் வந்து பயணிகளை அள்ளிக்கொண்டு போகிறதே, அதோடு மோதக்கூடிய டிராம் ஒன்றை வடிவமைப்போம் என்று. தலைவர்கள் மாநாட்டுக் குழு என்ற அந்தக் குழுவின் பெயரின் சுருக்கம்தான் பி.சி.சி. 1936இல் புரூக்ளினில் முதலில் ஓடியது. வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 5,000 வண்டிகள் கட்டினார்கள். கடைசியாகக் கட்டப்பட்டது 1952இல், எண் 1040. அது எந்த ஊருக்குப் போனது? இதே சான் பிரான்சிஸ்கோவுக்கு. இப்போதும் இந்த ஊரின் சொத்துதான்!

டிரைவர் இருக்கையை எட்டிப் பாருங்கள். காரில் இருப்பது போலக் காலடியில் பெடல்கள். வலதில் வேகம், நடுவில் பிரேக், இடதில் ஒரு பாதுகாப்புப் பெடல். டிரைவருக்கு ஏதாவது ஆகி அதிலிருந்து கால் எழும்பிவிட்டால் வண்டி தானே நின்றுவிடும். சக்கரத்தின் உள்வட்டுக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் வைத்திருக்கிறார்கள், அதனால் கடகட சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு போகும். இது போதாதென்று அவசரத்துக்குக் காந்த பிரேக் வேறு: வண்டியின் அடியிலிருந்து மின்காந்தக் கட்டைகள் இறங்கித் தண்டவாளத்தையே கவ்விக்கொள்ளும். 1930களின் மூளை இது! நான் பயணம் செய்த எத்தனையோ புதுப் பேருந்துகள் இதைவிட மோசமாகக் குலுக்கியிருக்கின்றன.

மியூனி தன்னுடைய பழைய பி.சி.சி.க்களில் சிலவற்றை வைத்திருந்தது. போதவில்லை. பிலடெல்பியாவிலிருந்து 14 வண்டிகள் வாங்கினார்கள், 1947-48இல் கட்டியவை. இங்கேதான் வேடிக்கை. பிலடெல்பியாவின் தண்டவாள அகலம் 1,581 மில்லிமீட்டர். சான் பிரான்சிஸ்கோவில் 1,435. கிட்டத்தட்ட ஆறு அங்குலம் உதைக்கிறது! பெட்டியைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, கீழே சக்கரத் தொகுதிக்கும் வழி பார்த்தாக வேண்டும். மிலன் வண்டிகளின் கதை இன்னும் நுணுக்கம். அந்த ஊர் அகலம் 1,445. வித்தியாசம் வெறும் 10 மில்லிமீட்டர், ஒரு விரல் கனம்கூட வராது. ஆனால் வளைவில் திரும்பும்போது, சந்திப்பில் தடம் மாறும்போது, அந்த 10 மில்லிமீட்டரைச் சக்கரம் மறக்காது.

அடுத்து நியூஆர்க்கிலிருந்து 11 வண்டிகள் வந்தன. இவை முதலில் 1946-47இல் மினியாபொலிஸ் நகருக்காகக் கட்டப்பட்டவை. அந்த ஊர் டிராமே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டதால் நியூஆர்க் வாங்கிக்கொண்டது. அங்கே சுரங்கத் தடத்தில் 2001 வரை, ஏறக்குறைய ஐம்பது வருடம், உழைத்தன. அதற்கப்புறம்தான் மூன்றாவது வேலை, கலிபோர்னியாவில். அவற்றில் ஒன்றான 1071க்கு மினியாபொலிஸின் பழைய மஞ்சளையே திரும்பப் பூசியிருக்கிறார்கள். பிறந்த ஊரின் சட்டையைப் போட்டுக்கொண்டு பசிபிக் கரையில் ஓடுகிறது அந்த வண்டி.

பெயின்ட் விவகாரம்தான் இந்த டெப்போவின் பெரிய குறும்பு. பி.சி.சி. ஓடிய ஊர்கள் ஒவ்வொன்றின் நினைவாகவும் ஒவ்வொரு வண்டிக்கு அந்த ஊர் நிறத்தைப் பூசுவது வழக்கம். லாஸ் ஏஞ்சலஸ், பாஸ்டன், பால்டிமோர், கன்சாஸ் சிட்டி என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் 1062ஆம் வண்டிக்கு லூயிவில் நகரின் நிறம். இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? லூயிவில் பி.சி.சி.க்களுக்கு ஆர்டர் கொடுத்தது உண்மை. ஆனால் பயணிகளை ஏற்றி ஓட்டும் முன்பே மனம் மாறி கிளீவ்லாந்துக்கு விற்றுவிட்டது. ஓடாத ஊரின் நினைவாக ஓடிய வண்டி அது! பிறகு அதற்கு வேறு ஊரின் வண்ணம் பூசிவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை.

மிலன் வண்டிகளுக்குள் ஏறினால் வேறு உலகம். 1928 ரகம், மொத்தம் 502 கட்டியதில் சில இங்கே. மர இருக்கைகள், கண்ணாடிக் குமிழ் விளக்குகள், இத்தாலிய மொழியிலேயே விட்டுவைத்த அறிவிப்புகள். இத்தனைக்கும் இந்த வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. கிளீவ்லாந்தின் பீட்டர் விட் என்ற அதிகாரி கண்டுபிடித்த ஏற்பாடு: முன்னால் ஏறு, நடுவில் உட்கார்ந்திருக்கும் கண்டக்டரிடம் காசு கொடு, இறங்கிப் போ. அமெரிக்கா மறந்ததை இத்தாலி கட்டிக் காப்பாற்றி, திரும்பவும் அமெரிக்காவுக்கே அனுப்பியிருக்கிறது. மிலனில் இதே வகை வண்டிகள் இன்றும் தினசரி ஓடுகின்றன.

பணிமனைக்குள் நடப்பதைத்தான் நாள் முழுக்கப் பேச எனக்கு ஆசை. டிரைவர் பதற்றத்தில் பிரேக்கை அழுத்த, சக்கரம் சுழலாமல் வழுக்கிக்கொண்டே போகிறது என்று வையுங்கள். தண்டவாளத்தில் உரசிய இடம் தட்டையாகிவிடும். அப்புறம் வண்டி ஓடும்போதெல்லாம் டக், டக், டக். கடைசல் இயந்திரத்தில் சீவி மறுபடி வட்டமாக்க வேண்டும். சீவச் சீவச் சக்கரம் சிறுத்துக்கொண்டே வரும். ஈரத் தண்டவாளத்தில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவ வண்டிக்குள்ளேயே பெட்டி உண்டு. அந்த மணல் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் பட்டால் குழாயில் அடைத்துக்கொள்ளும். கூரையில் கோல், கோலின் நுனி 600 வோல்ட் கம்பியைத் தொட்டபடி ஓடும். கோல் கம்பியைவிட்டு எகிறினால் டிரைவர் இறங்கி, பின்னால் போய், கயிற்றைப் பிடித்து இழுத்து, அண்ணாந்து பார்த்துத் திரும்ப மாட்டுவார். பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் நாங்கள் கைதட்டாத குறை.

உருளை பேரிங் பரவலாகாத காலத்து டிராம்களில் அச்சின் முனை எண்ணெயில் ஊறிய பஞ்சுக்கழிவைத் தொட்டுக்கொண்டு சுழலும். எண்ணெய் இருக்கிறதா, பஞ்சு காய்ந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். இந்தத் தலைமுறையில் அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டால்தான் உண்டு. உதிரி பாகமும் அப்படியே: கடையில் கிடைக்காது. ஒன்று அச்சு எடுத்துப் புதிதாக வார்க்க வேண்டும், இல்லையென்றால் ஓடாமல் நிற்கும் இன்னொரு வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். அந்த இன்னொரு வண்டியின் பக்கம் போனால் மட்டும் என் துள்ளல் கொஞ்சம் அடங்கிவிடுகிறது.

எது பிழைக்கும், எது பழைய இரும்புக்குப் போகும் என்பதை யார் முடிவு செய்தது? பல சமயம் யாருமில்லை. இந்த ஊரின் மிகப் பழைய டிராம் எண் 578, 1890களின் நடுவில் உள்ளூரிலேயே கட்டப்பட்ட குட்டி வண்டி. ஏறக்குறைய நம் மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய 1895ஐ ஒட்டிய காலம். பயணிகள் வண்டியாக அதன் காலம் சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனால் மணல் சுமக்கும் வேலை கொடுத்தார்கள். மேலே சொன்னேனே, அந்த மணல்! மணல் வண்டியை யாரும் அழகுக்காக வைத்திருப்பதில்லை, வேலைக்காக வைத்திருப்பார்கள். அப்படியே தப்பித்து, 1906 நிலநடுக்கத்தின் ஐம்பதாம் ஆண்டு வந்தபோது திரும்பவும் பயணிகள் வண்டியாகப் புதுப்பிக்கப்பட்டது.

1914இல் கட்டிய 130ஆம் வண்டி இன்னும் கில்லாடி. கூட்டாளிகள் எல்லாம் உடைக்கப்பட்டபோது இது பழுதான வண்டிகளை இழுத்து வரும் வேலையில் இருந்தது. அந்த வேலையும் போன பிறகு பணிமனை ஃபோர்மன் ஒருவர் இதை மற்ற வண்டிகளுக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் தள்ளி ஒளித்துவைத்துவிட்டார்! அரசாங்கச் சொத்தை அரசாங்க ஊழியரே அரசாங்கத்திடமிருந்து ஒளித்துவைத்தது சட்டப்படி சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். 1983 திருவிழாவில் அந்த வண்டி மினுமினுவென்று வெளியே வந்தது. மூலையில் ஒளிக்க ஒருவர் இல்லாத ஊர்களில் என்ன ஆனது என்பது நமக்குத் தெரிந்த கதைதான். மெட்ராஸ் டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது. பார்த்தவர்கள் சொல்லும் கதைகள்தான் நமக்கு மிச்சம்.

1ஆம் எண்ணுக்கு ஒளிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை, அது ராஜா வீட்டுப் பிள்ளை. 1912 டிசம்பர் 28 அன்று மேயர் ஜேம்ஸ் ரால்ஃப் தானே கைப்பிடியைச் சுழற்றி கியரி தெருவில் ஓட்டிய வண்டி. அமெரிக்கப் பெருநகரம் ஒன்று தனியார் கம்பெனியை நம்பாமல் தன் சொந்தப் பணத்தில் டிராம் ஓட்டத் தொடங்கிய நாள் அது. நூறாவது பிறந்தநாளுக்காகப் பெட்டியைப் பிரித்து மேய்ந்து புதுப்பித்தார்கள். சாயமும் பித்தளையும் மரமும் பளபளக்க இப்போதும் சிறப்பு நாட்களில் வருகிறது.

இப்போது படகு! எண் 228, 1934இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரைக்காகக் கட்டியது. கூரை கிடையாது, பக்கமெல்லாம் திறந்தவெளி, படகின் வடிவம், ஹாரன்கூடக் கப்பல் சங்கு மாதிரி ஒலிக்கும். கடற்கரையோரமாக அது வரும்போது பெரியவர்கள் குழந்தைகள் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் கையாட்டுகிறார்கள். வண்டியில் இருப்பவர்களும் திருப்பி ஆட்டுகிறார்கள். மழை வந்தால்? டெப்போவிலேயே இருக்கும். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த 952ஐயும் விட்டுவிட முடியாது. டென்னசி வில்லியம்ஸின் நாடகத்தால் உலகப் புகழ்பெற்ற ‘டிசையர்’ தடம் ஓடிய ஊரின் வண்டி. இதன் நெற்றியில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம்.

எல்லா வண்டிக்கும் இந்தக் கொண்டாட்டம் வாய்ப்பதில்லை. ஹாம்பர்க் பரிசு, ஜப்பானின் கோபேயில் தொடங்கி ஹிரோஷிமாவில் ஓடிய 1927 டிராம், ரஷ்ய டிராம் எல்லாம் பணத்துக்கும் பணிமனையில் இடத்துக்கும் காத்திருக்கும் வரிசையில் நின்றவை. ஓடுகிற வண்டிக்கும் ஆபத்து உண்டு: 1914இல் கட்டிய 162ஐ 2014 ஜனவரியில் ஒரு லாரி இடித்தது, சரியாகித் திரும்ப வருடங்கள் ஆயின. நூற்றாண்டு கண்ட பொருளைப் போக்குவரத்து நெரிசலில் விடலாமா, கண்ணாடிக் கூண்டில் வைக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. என் கட்சி ஓட்டுகிற கட்சிதான். நிற்கிற வண்டியில் வயரின் உறை வெடிக்கிறது, பேரிங் இறுகுகிறது, அதைவிட மோசம், பட்ஜெட்டில் அதன் பெயரே காணாமல் போகிறது. காலையில் டூட்டிக்குப் போக வேண்டிய வண்டியை யாராவது பழுது பார்த்தே ஆக வேண்டும். கொரோனாவால் 2020 மார்ச்சில் எஃப் லைன் நின்றது. 2021 மே மாதம் திரும்ப ஓடியதற்குக் காரணம், அதற்காகக் குரல் கொடுக்கப் பயணிகளும் கடைக்காரர்களும் இருந்தார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட் ரயில்வே என்ற ஆர்வலர் அமைப்பு 1976 முதலே இந்த வண்டிகளுக்காக வாதாடி வருகிறது. பணம் திரட்டுகிறது, தொண்டர்களை அனுப்புகிறது.

போகப்போகிறவர்களுக்கு ஒரு ரகசியம். எஃப் லைனுக்குக் கட்டணம் சாதாரண மியூனி பேருந்துக் கட்டணம்தான். கேபிள் காருக்கு அதைப்போலப் பல மடங்கு. டெப்போவிலிருந்து கிளம்பும் பழைய வண்டிகள் மார்க்கெட் தெருவுக்கு ஜே லைன் தடத்தில்தான் போகும், டோலரஸ் பூங்கா ஓரமாக, வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு. அந்தப் பயணத்திலும் ஏறிக்கொள்ளலாம், கூட்டமே இருக்காது. ஃபெர்ரி கட்டடத்துக்கு அருகே ஸ்டூவர்ட் தெருவில் குட்டி ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். வருடத்தில் ஒரு வார இறுதியில் மியூனி பாரம்பரிய விழா நடத்துவார்கள், அப்போது 1ஆம் எண்ணும் படகும் வெளியே வரும். தேதியை முன்கூட்டியே பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். படகில் இடம் கிடைத்தால் முன் வரிசையில் உட்காருங்கள், ஸ்வெட்டர் எடுத்துப்போக மறக்காதீர்கள்.